மிகை அளவு மரணங்களும் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பணியும்

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அளவிட முற்படுவோர் உணவு தானிய உற்பத்தி, மின்சாரம், எழுத்தறிவு, சராசரி ஆயுட்காலம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்வர். உழைக்கும் வயதில் தவிர்க்கக்கூடிய காரணத்தால் மடிந்து போகும் இளைஞர்களின் தொகையும் அக்கணக்கில் இடம் பெற வேண்டியதாகும். அபின் வகைப் போதை மருந்துகளால் நேரும் மரணங்கள் அத்தகையவை. இவற்றால் உயிரிழப்போரில் பெரும்பாலோர் குடும்பத்தின் பொருளாதாரச் சுமையைத் தாங்க வேண்டிய வயதினர்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் போதை மருந்துகளின் விளைவாக உலகெங்கும் சுமார் 6 லட்சம் பேர் மாண்டனர். இவற்றுள் 80 சதவீதத்துக்கு அபின் வகை மருந்துகளே காரணம். ஏறத்தாழ கால் பங்கு மரணங்கள் மிகை அளவினால் நேர்ந்தவை. உடல் தாங்கக்கூடிய அளவைக் கடந்து மருந்து உட்செல்வதால் உண்டாகும் மரணமே ‘மிகை அளவு மரணம்’ எனப்படுகிறது.

இப்பிரச்சினையைக் காவல் துறையும் சுங்கத் துறையும் மட்டுமே தீர்க்க வேண்டியது என்று கருதுவது நீண்ட காலமாக வழக்கத்தில் இருந்து வந்துள்ளது. கடத்தலைத் தடுப்பது இன்றியமையாத கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருந்து கைக்கு எட்டிவிட்ட பின்னர், ஒருவர் மூச்சு நின்று போகும் அந்தச் சில நிமிடங்களில் அவரைக் காப்பாற்றக்கூடியவர்கள் அருகில் இருப்பவர்களும், உள்ளூர்ச் சுகாதார ஊழியர்களுமே ஆவர். ஆகவேதான் பல நாடுகளில் நகராட்சிகளும், மாவட்டச் சுகாதாரத் துறைகளும், சிறை நிர்வாகங்களும் இதைத் தமது பொறுப்பாக ஏற்றுக்கொண்டுள்ளன. அவற்றின் அனுபவங்களையும், நம் நாட்டுக்கு அவை தரும் படிப்பினைகளையும் ஆராய்வது பயனுடையதாகும்.

மரணம் நேரும் விதம்

அபின், மார்ஃபின், ஹெராயின், மெதடோன், டிரமடால், ஃபென்டனில் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அபின் கசகசாச் செடியின் பாலிலிருந்து கிடைப்பது. மார்ஃபின் அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. ஹெராயின் மார்ஃபினிலிருந்து தயாரிக்கப்படுவது. ஃபென்டனில் போன்றவை முழுவதும் இரசாயனச் சாலையில் உருவாகுபவை. இவையாவும் மூளையிலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு வலியைத் தணிக்கின்றன. மயக்கமும் இன்ப உணர்ச்சியும் தருகின்றன. அதே வேளையில், சுவாசத்தை இயக்கும் மூளைத் தண்டின் வேலையையும் மந்தப்படுத்துகின்றன.

அளவு மிகும்பொழுது மூன்று அறிகுறிகள் தோன்றும். அழைத்தாலும் உலுக்கினாலும் விழிக்காத மயக்கம் ஒன்று. ஊசி முனை போலச் சுருங்கிய கண்மணி மற்றொன்று. மெதுவாகி, விட்டுவிட்டு வந்து, முடிவில் நின்று போகும் மூச்சு மூன்றாவது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளைக்குச் சேதம் ஏற்படத் தொடங்குகிறது. எனினும் மூச்சு மந்தமடையத் தொடங்கியது முதல் மரணம் வரையில் பல வேளைகளில் கணிசமான இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியே பொதுச் சுகாதாரப் பணிக்கு வாய்ப்பளிக்கிறது.

யாருக்கு ஆபத்து மிகுதி என்பதும் அறியப்பட்டதே. தொடர்ந்து பயன்படுத்துவோரின் உடல் நாளடைவில் மருந்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. சிறையிலோ, மருத்துவமனையிலோ, மறுவாழ்வு இல்லத்திலோ சில வாரங்கள் மருந்தின்றி இருந்தால் இத்தாங்கும் சக்தி குறைந்து விடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்துக்கொள்பவருக்கு அதுவே உயிர்க்கொல்லியாகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று, சிறையிலிருந்து விடுதலையானோர் முதல் இரண்டு வாரங்களில் மிகை அளவால் மடியும் வாய்ப்பு ஏனைய மக்களைக் காட்டிலும் 129 மடங்கு அதிகம் எனக் கண்டது. மதுவுடனோ தூக்க மாத்திரைகளுடனோ சேர்த்து உட்கொள்பவருக்கும், தனிமையில் பயன்படுத்துபவருக்கும் ஆபத்து மேலும் பெருகுகிறது.

வட அமெரிக்க அனுபவம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பெருந்துன்பம் மூன்று அலைகளாக வந்தது. 1990-களில் வலிக்கான மாத்திரைகளை மருத்துவர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்தனர். அவை அடிமைப்படுத்துவது அரிது என்ற விளம்பரத்தை நம்பினர். இது முதல் அலை. மாத்திரை கிடைப்பது கடினமானபோது மக்கள் மலிவான ஹெராயினுக்கு மாறினர். 2010-ஐ ஒட்டி எழுந்த இரண்டாவது அலை இதுவாகும். 2013 முதல் கள்ளச் சந்தையில் ஃபென்டனில் கலக்கத் தொடங்கியது மூன்றாவது அலை. மார்ஃபினைக் காட்டிலும் 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ள இம்மருந்தின் வரவுக்குப் பின்னர், வாங்குபவருக்குத் தாம் எதை, எவ்வளவு உட்கொள்கிறோம் என்பதே தெரியாமற் போயிற்று. 2021-இல் அந்நாட்டில் போதை மருந்துகளின் மிகை அளவால் மாண்டோர் 1,06,000-க்கு மேற்பட்டோர். இவர்களுள் சுமார் 80,000 பேரின் மரணத்தில் அபின் வகை மருந்துகளுக்குப் பங்குண்டு.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஹன்டிங்டன் என்னும் சிறு நகரில் 2016 ஆகஸ்ட் 15 அன்று நடந்தது இதன் கொடுமையை விளக்கும். நான்கைந்து மணி நேரத்துக்குள் இருபதுக்கு மேற்பட்டோர் மயங்கி விழுந்தனர். ஆம்புலன்சு ஊழியர்கள் விரைந்து செயல்பட்டதால் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர். ஆனால் பின்னர் நடந்த ஆய்வு வேறோர் உண்மையை வெளிப்படுத்தியது. சிகிச்சை பெற்றுத் திரும்பிய எவரும் போதைப் பழக்கத்துக்கான மருத்துவத்துக்கு அனுப்பப்படவில்லை. உயிர் மீட்கப்பட்டது, நோய் அப்படியே விடப்பட்டது.

இக்குறையை அந்நகரம் ஒப்புக்கொண்டு திருத்த முற்பட்டது. 2017-இல் ஆம்புலன்சு ஊழியர், காவலர், ஆலோசகர் ஆகியோர் அடங்கிய சிறு குழு அமைக்கப்பட்டது. மிகை அளவிலிருந்து பிழைத்தவரின் வீட்டை இக்குழு மூன்று நாட்களுக்குள் சென்று தட்டுகிறது. கைது செய்வது அதன் நோக்கமன்று. சிகிச்சைக்கு வருமாறு அழைப்பதும், அன்று மறுத்தால் மறுபடியும் செல்வதுமே அதன் பணி.

மாற்று மருந்து மக்கள் கையில்

அபின் வகை மருந்துகளுக்கு முறிமருந்து ஒன்று உண்டு. நாலோக்சோன் எனப்படும் அது, மூளையின் ஏற்பிகளிலிருந்து போதை மருந்தை விலக்கிவிட்டுத் தான் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. போதை தருவதில்லை, அபின் வகை உட்கொள்ளாதவருக்குச் செலுத்தப்பட்டால் தீங்கும் விளைவிப்பதில்லை. ஊசியாகவும், மூக்கில் பீய்ச்சும் தெளிப்பாகவும் கிடைக்கிறது. இதன் பயன் 30 முதல் 90 நிமிடங்களில் தீர்ந்து விடுமாதலால், நெடுநேரம் வேலை செய்யும் மருந்தை உட்கொண்டவர் மீண்டும் மயங்கக்கூடும். எனவே முதலுதவிக்குப் பின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது அவசியம்.

மருத்துவமனையில் மட்டும் இருந்த இம்மருந்தை மக்களிடம் கொண்டு சென்ற பெருமை 1996-இல் சிகாகோ நகரத் தொண்டர்களைச் சாரும். போதை மருந்து பயன்படுத்துவோருக்கும் அவர்தம் உறவினருக்கும் பயிற்சியளித்து, மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பினர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசே இம்முறையை மேற்கொண்டது. அங்கு 19 ஊர்களில் 2006 முதல் 2009 வரை 2,912 பேர் பயிற்சி பெற்றனர். 327 மீட்புகள் தெரிவிக்கப்பட்டன. இத்திட்டம் செயல்படுத்தப்படாத ஊர்களோடும் காலத்தோடும் ஒப்பிட்டபோது, 1 லட்சம் மக்கள் தொகைக்கு 100 பேர் வரையில் பயிற்சி பெற்ற இடங்களில் மரண விகிதம் 27 சதவீதமும், 100-க்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்ற இடங்களில் 46 சதவீதமும் குறைவாக இருந்தது. பயிற்சி பெற்றோர் தொகை கூடக்கூட மரணம் குறைந்தது என்பதே இவ்வாய்வின் சாரம்.

உயிர் காக்கும் மருந்து கையிலிருந்தால் துணிவு பெருகி மேலும் அதிகமாகப் பயன்படுத்துவார்கள் என்ற ஆட்சேபம் எழுப்பப்படுவதுண்டு. ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தவில்லை. நாலோக்சோன் செலுத்தப்பட்டவர் கடும் விலக்க வேதனையை அனுபவிக்கிறார். எவரும் விரும்பி ஏற்கும் அனுபவம் அதுவன்று. 2014-இல் உலகச் சுகாதார நிறுவனம், மிகை அளவைக் காண நேரக்கூடிய எவருக்கும் இம்மருந்தும் பயிற்சியும் கிடைக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2023 மார்ச்சில் அமெரிக்க அரசு மருத்துவச் சீட்டின்றியே மூக்குத் தெளிப்பை விற்க அனுமதித்தது.

இது செல்வ நாடுகளுக்கு மட்டுமே இயல்வது என்று கருதுவதும் பொருந்தாது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையுடன் கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உக்ரைன் ஆகிய 4 நாடுகளில் நடந்த திட்டத்தில் 14,000-க்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்றனர். பயிற்சி பெற்றவர்கள் கண்ட மிகை அளவு நிகழ்வுகளில் பத்தில் ஒன்பதில் நாலோக்சோன் பயன்படுத்தப்பட்டது. அவற்றில் ஏறக்குறைய அனைவரும் பிழைத்தனர்.

வான்கூவர் தரும் பாடம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வான்கூவர் நகரின் கிழக்குப் பகுதி நெடுங்காலமாக ஹெராயின் பழக்கத்துக்குப் பெயர் பெற்றது. 2003-இல் அங்கு, செவிலியர் மேற்பார்வையில் ஊசி போட்டுக்கொள்ளும் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. மருந்தை நிலையம் வழங்குவதில்லை. தூய ஊசியையும், மூச்சு நின்றால் உடனடி உதவியையும், சிகிச்சைக்கு வழியையும் வழங்குகிறது. நிலையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் மிகை அளவு மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. நகரின் பிற பகுதிகளில் குறைவு 9 சதவீதமே என்று 2011-இல் வெளியான ஆய்வு கண்டது. நிலையத்தை மூட முயன்ற மத்திய அரசின் முடிவை அதே ஆண்டு கனடா உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இத்தகைய நிலையங்கள் பற்றிய விவாதம் பல நாடுகளில் இன்றும் ஓயவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

ஃபென்டனில் பரவிய பின்னர் இம்மாகாணத்தின் நிலைமை மோசமாயிற்று. 2016 ஏப்ரல் 14 அன்று மாகாணச் சுகாதார அதிகாரி பொதுச் சுகாதார நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார். ஒவ்வொரு நிகழ்வையும் பற்றிய தகவலை மருத்துவமனைகளும் ஆம்புலன்சுத் துறையும் மரண விசாரணை அலுவலகமும் உடனுக்குடன் அளிக்க வேண்டியதாயிற்று. நாலோக்சோன் விநியோகம் விரிவாக்கப்பட்டது. டிசம்பரில் எளிய தடுப்பு நிலையங்கள் பல திறக்கப்பட்டன.

2016 ஏப்ரல் முதல் 2017 டிசம்பர் வரை அம்மாகாணத்தில் 2,177 பேர் மாண்டனர். இம்மூன்று நடவடிக்கைகள் (வீட்டுக்கு அனுப்பும் நாலோக்சோன், தடுப்பு நிலையங்கள், மாற்று மருந்துச் சிகிச்சை) இல்லாதிருந்தால் மேலும் 3,030 மரணங்கள் நேர்ந்திருக்கும் என ஆய்வாளர் கணக்கிட்டனர். காப்பாற்றப்பட்டதில் பாதிக்கு மேல் நாலோக்சோன் விநியோகத்தின் பங்கு.

எனினும் உண்மையின் மறு பக்கத்தையும் மறைக்கலாகாது. இத்தனை முயற்சிக்குப் பின்னரும் அம்மாகாணத்தில் மரணத் தொகை பெருகியது. 2023-இல் 2,500-ஐத் தாண்டியது. 2024-இல் இறங்கியது. அமெரிக்காவிலும் 2024-இல் மொத்த மிகை அளவு மரணங்கள் ஏறத்தாழ 80,000-ஆகக் குறைந்தன. குறைவுக்கான காரணங்கள் பற்றி வல்லுநரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மீட்புப் பணி உயிரைக் காக்கும். ஆனால் சந்தையில் நச்சுத்தன்மை பெருகும்போது அது மட்டும் போதாது. சிகிச்சை, வேலைவாய்ப்பு, உறைவிடம், கடத்தல் தடுப்பு ஆகியவை உடன் செல்ல வேண்டும்.

சிகிச்சையின் வலிமை

பழக்கத்தை விடச் செய்வதற்கு உறுதிமொழியும் தனிமையும் போதும் என்பது பரவலான எண்ணம். அபின் வகைப் பழக்கம் மீண்டும் மீண்டும் தலைதூக்கும் தன்மையுடைய நோயாகும். மெதடோன், புப்ரெனார்பின் ஆகிய மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் தொடர்ந்து அளிப்பதே மரணத்தைத் தடுப்பதில் மிகுந்த பயன் தருவதென நிறுவப்பட்டுள்ளது. புப்ரெனார்பின் மூளையின் ஏற்பிகளை ஓரளவே தூண்டுகிறது. எனவே அளவு கூடினாலும் மூச்சை அடக்கும் ஆற்றல் அதற்கு ஒரு வரம்புக்கு மேல் இல்லை.

பிரான்சு நாடு 1990-களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களும் புப்ரெனார்பின் எழுதித் தர அனுமதித்தது. சிறப்புப் பயிற்சி, தனி உரிமம் ஆகிய தடைகள் நீக்கப்பட்டன. 1995-க்கும் 1999-க்கும் இடையில் அங்கு மிகை அளவு மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன.

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டு, சிறைவாயிலில் காத்திருக்கும் ஆபத்தை நேரடியாக எதிர்கொண்டது. 2016 முதல் அதன் சிறைகளில் இம்மருந்துகள் அளிக்கப்பட்டன. விடுதலையான பின்னும் வெளியிலுள்ள நிலையத்தில் சிகிச்சை தடையின்றித் தொடர ஏற்பாடு செய்யப்பட்டது. 2016-இன் முதல் ஆறு மாதங்களில் மிகை அளவால் மாண்டவர்களுள் அண்மையில் விடுதலையானோர் 26 பேர். 2017-இன் அதே காலத்தில் 9 பேர். எண்கள் சிறியவை; ஆனால் பொருள் பெரிது. மரணம் எவ்விடத்தில் காத்திருக்கிறதென்று அறிந்து அவ்விடத்தில் மருந்தைக் கொண்டு வைத்ததன் விளைவு இது.

இந்தியாவின் நிலை

அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் மக்களுள் 2.06 சதவீதத்தினர் ஏதேனும் ஓர் அபின் வகைப் பொருளைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் ஹெராயினே முதலிடம் பெறுகிறது. வலி மாத்திரைகள் முதலிய மருந்துக்கடைப் பொருட்கள் அடுத்தும், அபின் அதற்கடுத்தும் வருகின்றன. ஊசி மூலம் போதை மருந்து ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம் பேர். சிக்கிம், அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் ஆகிய மாநிலங்களில் அபின் வகைப் பழக்கம் 10 சதவீதத்துக்கும் மேற்பட்டுள்ளது. மொத்தத் தொகையில் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம், தில்லி ஆகியவற்றின் பங்கும் கணிசமானது.

ஆனால் எத்தனை பேர் மடிகின்றனர்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளில் மிகை அளவு மரணங்கள் 2017-இல் 745, 2018-இல் 875, 2019-இல் 704. பழக்கத்தின் பரவலோடு ஒப்பிட்டால் இவ்வெண்கள் மிகக் குறைவாகத் தோன்றும். சந்தேக மரணமாயின் காவல் துறை விசாரணையும், உள்ளுறுப்புகளின் இரசாயனப் பரிசோதனையும் நடைபெற வேண்டும். பரிசோதனை முடிவு வர நாளாகிறது. களங்கத்துக்கு அஞ்சும் குடும்பத்தினர் மாரடைப்பென்று கூறி உடலை அடக்கம் செய்வதுமுண்டு. எண்ணப்படாத மரணத்துக்குத் திட்டமும் இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை என்பது நிர்வாகத்தில் அனைவரும் அறிந்த உண்மையாகும்.

மணிப்பூர் மாநிலம் இத்துறையில் மற்றவர்க்கு வழிகாட்டியது. மியான்மர் எல்லையையொட்டிய அம்மாநிலத்தில் 1980-களில் ஹெராயின் ஊசிப் பழக்கம் விரைந்து பரவியது; அப்பத்தாண்டின் முடிவில் எய்ட்ஸ் கிருமியும் ஊசி வழியே பரவலாயிற்று. பழக்கமுள்ளோரைத் துரத்துவதால் நோய் மறைந்து பரவுமேயன்றிக் குறையாது என்பதை உணர்ந்த தொண்டர்கள், தூய ஊசி வழங்குவதையும் மாற்று மருந்துச் சிகிச்சையையும் தொடங்கினர். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாவது கட்டத்தில் (2007–2012) இச்சிகிச்சை அரசுத் திட்டத்தின் அங்கமாயிற்று.

பஞ்சாபில் ‘சிட்டா’ என மக்கள் அழைக்கும் ஹெராயின் பல குடும்பங்களைக் குலைத்தது. 2018-ஆம் ஆண்டுக் கோடையில் இளைஞர் மரணங்கள் அடுத்தடுத்துச் செய்தியாகி, மாநிலமெங்கும் கவலையை எழுப்பின. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே அம்மாநிலம் புறநோயாளி நிலையங்களில் புப்ரெனார்பின்-நாலோக்சோன் கூட்டு மாத்திரை வழங்கும் முறையைத் தொடங்கியிருந்தது. நோயாளி வீட்டிலிருந்தவாறே வேலைக்குச் சென்றுகொண்டு சிகிச்சை பெற இது வழிவகுத்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நாள்தோறும் நிலையத்துக்கு வருவது இயலாததாகி, பல நாட்களுக்கான மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதிக்கப்பட்டது. சிகிச்சை முறியாமல் காத்த ஏற்பாடு இதுவாகும்.

மாத்திரை கள்ளச் சந்தைக்குச் செல்லும் என்ற அச்சம் அடிப்படையற்றதன்று. சென்னை உள்ளிட்ட நகரங்களில் புப்ரெனார்பின் ஊசியே ஒரு காலத்தில் போதைப் பொருளாகப் பயன்பட்டதுண்டு. நாலோக்சோன் கலந்த மாத்திரையை நாவின் கீழ் வைத்தால் பயன் தரும். கரைத்து ஊசியில் ஏற்றினால் விலக்க வேதனையை உண்டாக்கும். கூட்டு மாத்திரையின் தத்துவம் இதுவே. கண்காணிப்பு வேண்டும், ஆனால் கண்காணிப்பின் பெயரால் சிகிச்சையே கிட்டாமற் போகலாகாது.

சட்டமும் சிகிச்சையும்

மருத்துவத்துக்கன்றி உடல்நலத்துக்குத் தீங்கான போதைப் பொருட்கள் நுகரப்படுவதைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 47-ஆவது விதி கூறுகிறது. அதே விதி பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதையும் அரசின் முதற் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. 1985-ஆம் ஆண்டுப் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டமும் தண்டனையோடு நிற்கவில்லை. அதன் 71-ஆவது பிரிவு சிகிச்சை நிலையங்கள் அமைக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. 64-ஏ பிரிவு, சிறு அளவு தொடர்பான குற்றச்சாட்டுக்குள்ளான பழக்க அடிமை தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து காப்பளிக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள் பழக்கத்தால் விளையும் நிலைகளை மனநோய் வரையறைக்குள் கொண்டு வந்துள்ளது.

எனினும் ஓர் இடைவெளி உள்ளது. உடனிருந்தவர் மயங்கி விழும்போது உதவிக்கு அழைப்பவருக்குத் தனியான காப்பு எதுவும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. காவலருக்கு அஞ்சி, நண்பனை அப்படியே விட்டு ஓடிவிடும் நிலை இதனால் ஏற்படுகிறது. கனடா 2017-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. நம் நாட்டிலேயே சாலை விபத்தில் உதவுவோருக்கு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காப்பளித்துள்ளது. அதே நியாயம் இங்கும் பொருந்தும்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவின் முதல் அலையைக் கண்டு மார்ஃபினையே அஞ்சி ஒதுக்குதல் தவறாகும். நம் நாட்டில் புற்று நோயாளிகள் பலர் வலி தணிக்கும் மருந்து கிடைக்காமல் அல்லல்படுகின்றனர். 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களுக்கு மார்ஃபின் எளிதில் கிடைப்பதற்காகவே செய்யப்பட்டது. அளவறிந்த மருத்துவப் பயன்பாட்டையும் கட்டுப்பாடற்ற விற்பனையையும் பிரித்தறிவதே நிர்வாகத் திறமை.

மாவட்ட அளவில் செய்யத் தக்கவை

மேற்கூறிய அனுபவங்களிலிருந்து மாவட்ட நிர்வாகத்துக்குச் சில பணிகளை வகுத்துக் கூறலாம்.

முதலாவது, கணக்கெடுப்பு. மாவட்ட மருத்துவமனை, 108 ஆம்புலன்சு, காவல் துறை, தடய அறிவியல் ஆய்வகம் ஆகியவற்றின் தகவல்களை மாதந்தோறும் ஒன்றுசேர்த்து, எந்த ஊரில், எந்த வயதில், எந்தப் பொருளால் நிகழ்வுகள் நேர்கின்றன என்பதை அறிதல் வேண்டும். நோயாளியின் பெயர் இதில் இடம் பெற வேண்டியதில்லை.

இரண்டாவது, மருந்து. பாதிப்பு மிகுந்த வட்டாரங்களின் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் ஆம்புலன்சுகளிலும் நாலோக்சோன் இருப்பு எந்நாளும் தீராதிருக்க வேண்டும். ஊசி பரிமாற்றத் திட்டத்தின் களப்பணியாளர்களுக்கும், பழக்கமுள்ளோரின் குடும்பத்தினருக்கும் அதைப் பயன்படுத்தப் பயிற்சி அளிக்கலாம்.

மூன்றாவது, முதலுதவி அறிவு. மயங்கியவரின் தோளைத் தட்டி அழைத்தல், ஆம்புலன்சை அழைத்தல், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டல், நாலோக்சோன் செலுத்துதல், ஒருக்களித்துப் படுக்க வைத்தல், உதவி வரும் வரை உடனிருத்தல் ஆகியவை எவரும் கற்கக்கூடியவை. முகத்தில் நீர் ஊற்றுவது, உப்புக் கரைசலை ஊசியில் ஏற்றுவது, நடக்க வைப்பது ஆகிய வழக்கங்கள் பயனற்றவை; விலை மதிப்பற்ற நிமிடங்களை வீணாக்குபவை.

நான்காவது, சிறையும் மறுவாழ்வு இல்லமும். அங்கிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும், தாங்கும் சக்தி குறைந்துள்ளதை எடுத்துரைத்து, வெளியேறும் நாளுக்கு முன்பே அருகிலுள்ள சிகிச்சை நிலையத்தில் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

ஐந்தாவது, பின்தொடர் பணி. பிழைத்தவரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பாமல் சிகிச்சை நிலையத்தோடு இணைக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கிய போதையில்லா இந்தியா இயக்கத்தின் தொண்டர்களுக்கு இப்பணி மிகவும் பொருத்தமானதாகும்.

முடிவுரை

இவ்வனுபவங்கள் யாவும் ஒரு பொது உண்மையை உணர்த்துகின்றன. மாண்டவரைத் திருத்த இயலாது. உயிரோடிருப்பவரையே சிகிச்சைக்கு அழைத்து வர இயலும். உயிர் காப்பதும் பழக்கத்தை ஒழிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முன்னது பின்னதற்கு வாயிலாகும். சிகாகோவின் தொண்டரும், ரோட் ஐலண்டின் சிறை மருத்துவரும், இம்பாலின் களப்பணியாளரும் இவ்வாயிலில் நின்றே பணியாற்றினர்.

பஞ்சாபிலும் மணிப்பூரிலும் இளம் பிள்ளைகளை இழந்த தாய்மார் பலர். அவர்கள் எழுப்பும் கேள்வி எளியது: அன்று அருகில் அந்த மருந்து இருந்திருந்தால், அதைச் செலுத்தத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால்? அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய அறிவு இன்று இருக்கிறது, அம்மருந்தும் இருக்கிறது. அவற்றைக் கிராமச் சுகாதார நிலையம் வரையில் கொண்டு சேர்ப்பதே திட்டமிடுவோரும் அதிகாரிகளும் ஏற்க வேண்டிய பணியாகும்.